பத்தொன்பதாம் மனைக்குக் கீழே

கலாதேவியின் வேலை பூமிக்கு ஷாக் கொடுப்பது. ஈப்போவில் ஒரு கடைவீட்டின் நடுமாடியில் இருக்கும் மண் பரிசோதனைக் கம்பெனியில் பதினான்கு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். வீடு கட்டப்போகும் நிலத்தில் நாற்பத்தோரு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் அடித்து, ஒவ்வொரு முளையின் காலிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, கேபிளை மாட்டிப் பெட்டியைத் தட்டிவிட வேண்டும். இரண்டு முளைகளுக்கு நடுவே மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். வேறு இரண்டு முளைகளுக்கு நடுவே எவ்வளவு வோல்ட் என்று பெட்டி குறித்துக்கொள்ளும். இப்படியே நூற்றுக்கணக்கான முறை. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டால் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வண்ணப்படம் வரும். மின்சாரம் சுலபமாகப் போகும் இடம் நீலம், போக மறுக்கும் பாறை சிவப்பு. ஊரைச் சுற்றிய கின்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறைக்குள் பொந்து, பொந்துக்குள் தண்ணீரும் சேறும். பூமி திடீரென்று வாயைத் திறந்து ஒரு காரை விழுங்கினால் மறுநாள் பேப்பரில் படம் வரும். விழுங்காமல் இருந்தால் கலாதேவிக்குச் சம்பளம் வரும்.

வயது நாற்பத்தேழு. ஐந்தடி உயரம். நாலு கிலோ சுத்தியலைத் தூக்கி அவள் அடிப்பதை முதன்முதலாகப் பார்க்கிற காண்ட்ராக்டர்கள், "ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்தாங்க, போன வருஷம் முதுகு புடிச்சிக்கிச்சு, போயிட்டாங்க" என்பாள். அதற்கு முன்னால் கையுறை ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே கையுறைகளை உருவிப் பெட்டியில் அடுக்கியவள். அந்த வேலையைவிட இது மேல் என்பது அவள் கட்சி. இதில் நிழல் கிடைக்காது, ஆனால் சூப்பர்வைசரும் கிடைக்க மாட்டார்.

பதினான்கு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் வருகிற படத்தை நம்பக்கூடாது. ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் மண்ணைப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. உள்ளே இப்படி இருந்தால் மேலே அளவு என்ன வரும் என்று கணக்குப் போட்டு, வந்த அளவோடு ஒத்துப்போகிற வரைக்கும் உள்ளே இருப்பதை மாற்றி மாற்றி வரைகிறது. ஒத்துப்போவது வேறு, உண்மை வேறு. கலாதேவிக்கும் லோரி ஓட்டும் சுகுமாரனுக்கும் ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் ஒத்துப்போனது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பத்தாவது பொருத்தம் எது என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பிறந்தது மெர்பாவ் தோட்டத்தில். சிம்பாங் பூலாயிலிருந்து தெற்கே இருபது நிமிஷம். கித்தா என்கிற ரப்பர் மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் விற்றார்கள், தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தட்டி நிரவினார்கள். குடும்பங்கள் ஈப்போவின் மலிவு விலை அடுக்குவீடுகளில் மாடி மாடியாக ஏறின. கலாதேவிக்கு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. ஐந்தாவது மாடிக்காரன் குளித்தால் அவள் அடுப்பில் சொட்டும். பத்தொன்பது வருஷமாக அந்தத் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி வைத்துச் சமைக்கிறாள். சொத்து சுகம் எதுவும் அவள் கேட்கவில்லை. தலைக்கு மேலே யாரும் குளிக்காத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் மனு போட்டு, மகஜர் கொடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் மாலை போட்டுப் பழைய தோட்டக்காரர்களுக்கு முப்பத்திரண்டு மனைகள் கிடைத்தன. பழைய தோட்டத்து நிலத்திலேயே, வரிசை வீடு கட்ட. சீட்டுக் குலுக்கியதில் கலாதேவிக்குப் பத்தொன்பதாம் எண். அன்றைக்கு அவள் தெருவில் நின்று அழுதாள். மண்ணைப் பரிசோதிக்கிற வேலையும் அவள் கம்பெனிக்கே வந்தது. "தம்பி, அதுல என் மனையும் இருக்கு. நான் அளந்தா சரியா இருக்காது" என்று எஞ்சினியர் விக்னேஸ்வரனிடம் ஒப்புக்குச் சொல்லி வைத்தாள். "அக்கா, வேற யாரு முளை அடிக்கிறது, நானா?" என்றான் அவன். அவன் கையைப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான்.

படம் வந்தபோது பதினைந்தாம் மனையிலிருந்து இருபத்தொன்றாம் மனைவரைக்கும், ஏழு மனைகளுக்குக் கீழே, நீலமாக ஒரு பெரிய வயிறு தெரிந்தது. எட்டு மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்துக் கீழே போயிற்று. இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் எவரும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்கள்: பொந்து. மேம்பாட்டு நிறுவனத்தின் ஆள் நிலத்துக்கே வந்து எல்லாரையும் கூட்டி வைத்து, அந்த ஏழு மனைகளும் பின்னொரு கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார். மூன்று வாரத்தில் கூட்டம், அதில் முடிவாகிவிடும். பின்னொரு கட்டம் என்றால் என்னவென்று தோட்டத்துச் சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆண்கள் உட்காரவில்லை. அதுதான் கலாதேவியின் கண்ணில் பட்டது. கோயில் தலைவர் ராமையா, அறுபத்தைந்து வயது, பதினெட்டாம் மனைக்காரர், படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கருப்பரு படுத்திருக்காருலா" என்றார்.

கருப்பர் என்றால் சங்கிலிக் கருப்பர், தோட்டத்துக் காவல் தெய்வம். அந்த ஏழு மனைகளின் பின்பக்கத்தில்தான் அவர் எழுபது வருஷம் இருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நிலம் மறுபடியும் கைமாறியபோது அவரைச் சாலை ஓரத்துக்கு மாற்றினார்கள். சாமியே இடம் மாறிப் போனபிறகு படுக்கை மட்டும் ஏன் இங்கே என்று கலாதேவி கேட்டாள். ராமையா செருமினார். சுகுமாரன் தன் செருப்பைப் பார்த்தான். கோயில் கமிட்டியின் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் செம்பனையைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்கள் ஒரே நேரத்தில் இயற்கையை ரசித்தால் அதில் விஷயம் இருக்கிறது.

மறுநாள் அவள் விக்னேஸ்வரனின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் வெளிநாட்டில் நாலு வருஷம் இந்தத் தலைகீழ்க் கணக்கையே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். திரும்பி வந்தபோது அவன் அம்மா, "என்னப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டாராம். "ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும்னு நிரூபிச்சேன்மா." "என்ன விடை?" "அது தெரியாது." அந்த வாரமே அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"தம்பி, உன் படிப்ப இன்னிக்குத்தான் கேக்கப்போறேன். அந்த நீலம் பொந்துதானா? வேற எதுவும் அதே எண்ணக் கொடுக்காதா?"

விக்னேஸ்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு வருஷப் படிப்பைப் பற்றி ஈப்போவில் அவனிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு பேப்பரில் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வட்டம் வரைந்தான்.

"இதான் மண்ணு. உள்ள எங்க எவ்வளவு கரண்ட் போகும்னு தெரிஞ்சா, வெளிய என்ன வோல்ட் வரும்னு கணக்குப் போடலாம். அது நேர் கணக்கு, சுலபம். நம்ம பண்றது தலைகீழ். வெளிய தொட்டுப் பாத்து உள்ள என்னான்னு சொல்லணும். தேற்றம் என்ன சொல்லுதுன்னா, இந்த எல்லைய சுத்தி எல்லா இடத்துலயும், எல்லா விதமாவும் கரண்ட் விட்டு அளந்தா, உள்ள இருக்கறது ஒண்ணே ஒண்ணாத்தான் இருக்க முடியும். ரெண்டு வெவ்வேற மண்ணு ஒரே அளவக் கொடுக்காது."

"நாம எல்லாப் பக்கமும் அளந்தோமா?"

"இல்ல. முன்பக்கம் மட்டும், ஒரே ஒரு கோடு. பின்னால செம்பனைக்காரன் வேலி, நாய் வேற இருந்துச்சு."

"அப்ப?"

"அப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. ஒரு பக்கம் மட்டும் அளந்தா ரெண்டு விடை, மூணு விடைகூட வரலாம். பக்கத்துல கிடக்கற சாமான் கீழ கிடக்கற மாதிரி தெரியும். கோட்டுக்குப் பக்கவாட்டுல நீளமா இரும்பு எதுவும் கிடந்தா, கம்ப்யூட்டருக்கு அது பக்கத்துல இருக்குன்னு தெரியாது. ஆழத்துல கொண்டுபோய் நீலமா வரைஞ்சு வச்சிடும்." வட்டத்துக்குள் ஒரு கோடு இழுத்துத் தொடர்ந்தான். "தேற்றத்துக்கு ஒரு நிபந்தனையும் இருக்கு. உள்ள இருக்கற சரக்கு எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி நடந்துக்கணும். இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி கடத்துற சாமானா இருந்தா, எத்தன பக்கம் அளந்தாலும் ஒரே விடைன்னு சொல்ல முடியாது."

"அது என் வீட்டுக்காரரு" என்றாள் கலாதேவி. "அவங்க அம்மா பக்கம் ஒரு மாதிரி, என் பக்கம் ஒரு மாதிரி."

இரும்பு என்ற சொல்லை மட்டும் அவள் விடவில்லை. கமிட்டி ஆண்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்கள் உள்ளே இருக்கிறவர்கள். உள்ளே இருக்கிறவர்களைக் கேட்காமல் அவர்களைச் சுற்றி இருக்கிறவர்களைக் கேட்கலாம் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவர்கள் மனைவிமார் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பார்த்தாள். ஒருத்தியைச் சந்தையில், ஒருத்தியைக் கிளினிக்கில். கோயில் மாற்றிய சமயம் உன் வீட்டுக்காரர் எப்படி இருந்தார், இதுதான் கேள்வி.

ராமையாவின் மனைவி காளியம்மா, அந்த வாரம் அவர் சட்டையில் ஏறிய துருக்கறை எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை என்றாள். இன்னொரு கமிட்டிக்காரர் தனேஸ்வரனின் மனைவி ஷர்மினி, தன் புருஷன் மூன்று நாள் சித்தியவானுக்கு மீன் பிடிக்கப் போனதாகச் சொன்னதையும், மீன் வராததையும், கை மட்டும் கொப்புளமாக வந்ததையும் சொன்னாள். இன்னொருத்தி வீட்டில் மண்வெட்டி முனை மழுங்கி வந்திருந்தது. நாலாமவள் வளர்த்த சேவல் அந்த வெள்ளிக்கிழமை காணாமல் போயிருந்தது. எதுவோ கடித்துவிட்டது என்று அவள் புருஷன் சொன்னானாம். "கறிக்குழம்பு வாசத்தோட கடிச்சிருக்குலா" என்றாள் அவள். ஐந்தாவது மனைவி கலாதேவியேதான். அந்த வாரம் சுகுமாரன் லோரியின் பின்தட்டு முழுக்கச் சிவந்த தூள். பழைய சுரங்கத்து ஈயக்குட்டையில் மண் ஏற்றினேன் என்றான். ஈயக்குட்டை மண் வெள்ளையாக இருக்கும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. சம்சாரத்தில் இப்படி எத்தனை நழுவிப்போகிறது.

எவளுக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் ஐந்து பேரின் துருவையும் கொப்புளத்தையும் சேவலையும் சேர்த்து வைத்தபோது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. சங்கிலிக் கருப்பருக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் சங்கிலி வாங்கிப் போடுவார்கள். எழுபது வருஷத்துச் சங்கிலியும் அரிவாளும் வேலும் அவர் காலடியில் குவிந்து கிடந்தன. போதாதென்று, விபத்தில் பிழைத்த ஒரு சீன ஈயச் சுரங்க முதலாளி ஒருகாலத்தில் ஒரு நீண்ட எஃகுக் கயிற்றையே கொண்டுவந்து சாத்தினார். கோயிலை மாற்றும்போது புதிய இடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டால் சாமி குத்தம். வெளியே கிடந்தால் திருடிக்கொண்டு போவான். அப்படியானால் புதைத்துத்தான் இருப்பார்கள். புதைத்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்திருப்பார்கள். ஆண்களுக்கு இந்தமாதிரி விஷயங்களில்தான் ஒற்றுமை வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சுகுமாரனை உட்கார வைத்தாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயத் தொறந்து சொன்னா நாக்கு அழுகிடும்னு ராமையா அண்ணே சொல்லியிருப்பாரு."

சுகுமாரனுக்கு வேர்த்துவிட்டது. "உனக்கு யாரு..."

"பேசாதீங்க. நான் பேசுறேன், நீங்க சாப்பிடுங்க. நான் சொல்றது சரின்னா சாப்பிட்டுக்கிட்டே இருங்க. தப்புன்னா நிறுத்துங்க. சாப்பிடக்கூடாதுன்னு கருப்பரு சொல்லலியே."

சுகுமாரன் கருப்பரின் சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். அதில் சோற்றைப் பற்றி எதுவும் இல்லை. ஒரு கவளம் எடுத்தான்.

"சாமி இரும்பப் புதைச்சீங்க." சாப்பிட்டான். "பழைய கோயிலுக்கு நேர் கீழ." கை நின்றது. "கோயிலுக்குப் பின்னால, வேலி ஓரமா." கை நகர்ந்தது. "ஆழம் இடுப்பளவு." நின்றது. "கழுத்தளவு." நின்றே இருந்தது. "நெஞ்சளவு." சாப்பிட்டான். "ஒரே குழியில குவிச்சுப் போட்டீங்க." நின்றது. "நீளமா ஓட விட்டீங்க. கயித்த நடுவுல விட்டு, சங்கிலிய அதோட கோத்து." நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டான். "நூறு அடி." நின்றது. "நூத்தம்பது." சாப்பிட்டான். இப்படியே நாலு தட்டு. எழுந்திருக்க முடியாமல் தரையில் கையூன்றினான். சத்தியம் அப்படியே முழுசாக இருந்தது. வயிறுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை விக்னேஸ்வரனிடம் இடமும் ஆழமும் நீளமும் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டான். "சோறு போட்டேன்" என்றாள். ஆனால் அந்த அளவை அவளே முழுக்க நம்பவில்லை. பெண்டாட்டிக்கு எந்தப் பதில் வேண்டும் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதற்கேற்பச் சாப்பிடுகிற ஆள் சுகுமாரன். அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு வீடே எழுதியிருந்தது. தவிர, மேம்பாட்டு நிறுவனத்திடம் போய் என் புருஷன் நாலு தட்டு சாப்பிட்டார் என்று அறிக்கை கொடுக்க முடியாது.

"நாலு பக்கமும் அளந்துடுவோம்" என்றாள்.

"தேற்றத்துக்கு எண்ணிக்கையே இல்லாத முளை வேணும்க்கா. எல்லை முழுக்க."

"நம்மகிட்ட எத்தன இருக்கு?"

"எண்பத்திரண்டு."

"கொஞ்சம் கிட்ட கிட்ட அடிப்போம். மிச்சத்த உன் தேற்றம் மன்னிச்சிக்கட்டும்."

செம்பனைக்காரனிடம் விக்னேஸ்வரன் போய்க் கெஞ்சி அனுமதி வாங்கினான். இரண்டு நாள் வேலை. கமிட்டி ஆண்கள் ஐந்து பேரும், யாரும் கூப்பிடாமலே, தோளில் கேபிளோடு வந்து நின்றார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் இப்படிச் சில நல்ல காரியங்களும் நடக்கும். ராமையா ஒவ்வொரு முளைக்கும் உப்புத் தண்ணீரை அபிஷேகம் மாதிரி ஊற்றினார். பின்வேலி ஓரம் வந்தபோது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கலாதேவி அதைப் பார்த்துவிட்டு அடுத்த முளையை அடித்தாள். இரண்டாம் நாள் கிழக்குப் பக்கம் அளக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு முடித்தார்கள்.

மறுவாரம் புதன்கிழமை படம் வந்தது. வேலி ஓரம் நெஞ்சளவு ஆழத்தில் மெல்லிய நீலக் கோடு, நீளம் நூற்றைம்பது அடிக்கு ஓரிரண்டு அடி குறைவு. சுகுமாரன் அவ்வளவு துல்லியமாகச் சாப்பிட்டிருந்தான். அந்தப் பெரிய வயிறு காணாமல் போயிருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டுக்குக் கீழே சுத்தமான சிவப்பு. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் அப்படியே. கலாதேவி சிரித்துவிட்டாள். பிறகுதான் பத்தொன்பதைப் பார்த்தாள்.

ஒன்பது மீட்டர் ஆழத்தில், சின்னதாக, ஒரு நீலப் பொட்டு. இரும்பு இல்லை. இரும்பின் கணக்கைக் கழித்த பிறகும் அது நின்றது.

விக்னேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வெகுநேரம் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்க்காமலே பேசினான்.

"அக்கா, கிழக்குக் கோடு மழையில அளந்தது. அந்த எண்ணு ஆடியிருக்கும். அத எடுத்துட்டா இந்தப் பொட்டு போயிடும். மத்த மூணு பக்கத்துலயும் லேசாத்தான் இருக்கு, கம்ப்யூட்டரே தள்ளிடும். மழையில அளந்தத எடுக்கறது வழக்கம்தான். யாரும் கேக்க மாட்டாங்க."

கலாதேவி எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். தேற்றத்தின் மேல், அதை நிரூபித்தவன் மேல், கருப்பர் மேல், நாலு பக்கமும் அளப்போம் என்று சொன்ன தன் வாயின் மேல். ஒரு பக்கம் மட்டும் அளந்திருந்தால் இரண்டு விடை இருந்திருக்கும். இரண்டு விடை இருக்கிறவரைக்கும் ஆசைக்கு ஒரு வீடு இருக்கும். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அதன் சமையலறை எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு சின்னப் பொட்டு. ஐம்பது வருஷம் சும்மா இருந்தாலும் இருக்கும். அதற்குள் அவளே போய்ச் சேர்ந்துவிடுவாள். இந்த ஊரில் எத்தனை பேர் பொந்துக்கு மேலே தூங்கி எழுந்து ரோத்தி சானாய் சாப்பிடப் போகிறார்கள்.

ஆனால் வரிசை வீடு. சுவர் பொதுச் சுவர். பத்தொன்பது இறங்கினால் பதினெட்டையும் இருபதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்கும். பதினெட்டில் காளியம்மா.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மழை பெய்ஞ்சா எண்ணு ஆடும். இடம் மாறுமா?"

"மாறாது."

"மத்த மூணு பக்கமும் அந்தப் பொட்ட எங்க காட்டுது?"

"லேசாத்தான் அக்கா..."

"எங்கன்னு கேட்டேன்."

விக்னேஸ்வரன் திரையைப் பார்த்தான். "அங்கேயேதான்."

"அப்ப எழுது தம்பி. நான் அளந்தது, நாலு பக்கமும்."

அறிக்கை போயிற்று. மேம்பாட்டு நிறுவனம் பத்தொன்பதாம் மனையில் ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்தது. துளைக் கம்பி ஒன்பது மீட்டர்வரைக்கும் முக்கி முனகி இறங்கியது. அதற்குப் பிறகு பிடிப்பே இல்லாமல் ஓர் ஆள் உயரம் தானாக விழுந்தது. பக்கத்தில் நின்ற சுகுமாரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊருக்கு நடுவே அவன் அப்படிச் செய்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சிமெண்ட் குழைத்து ஊற்றிப் பொந்தை நிரப்பலாமே என்று விக்னேஸ்வரன் கேட்டான். மலிவு விலை மனைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். ஆறு மனைகளுக்கு அனுமதி. பத்தொன்பது காலி இடம், புல் வளர்க்கலாம். கருப்பரே நேரில் வந்து ஆறு வீட்டைக் காப்பாற்றிவிட்டார் என்று ராமையா ஊர் முழுக்கச் சொன்னார். எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் வானத்தைக் காட்டினார். காளியம்மா நாலு மாடி ஏறி வந்து, கலாதேவியைக் கட்டிக்கொண்டு, கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அடுப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகக் கையெழுத்துப் போட ஒரு பாரம் பாக்கி இருந்தது. வீட்டுமனை அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் ரஸ்னா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள், நீலத் தலைத்துணி, நல்ல சுறுசுறுப்பு. அந்தப் பாரத்தில் இரண்டு பெட்டிகள். இந்த மனையில் கட்டக்கூடாது என்று பரிந்துரைக்கும் களப் பணியாளர் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டேன், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மனைக்காரர் இன்னொன்றில் போட வேண்டும். கலாதேவி முதல் பெட்டியில் போட்டாள். பேனாவை மூடி, மறுபடி திறந்தாள். பிறகு இரண்டாவதிலும் போட்டாள்.

ரஸ்னா பாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பெட்டிகளையும் விரலால் மாறி மாறித் தொட்டாள்.

"அக்கா, இது ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கு. ரெண்டு பேருலா போடணும்."

"ரெண்டு பேருதாம்மா போட்டோம்" என்றாள் கலாதேவி. "அதுல ஒருத்திக்கு வீடு வேணும்."